முயல் எலும்பில் முளைத்த கை

நவம்பர் மாதக் கோத்தன்பர்க்கில் மழை மேலிருந்து விழுவதில்லை. கடற்காற்று அதைப் பக்கவாட்டில் வீசியடிக்கிறது. நான்கு மணி சுமாருக்கு இருட்டிவிடுகிறது. அந்த டிராம் நிறுத்தத்தில் குடை பிடித்து நின்றவள் நான் ஒருத்திதான். ஊர்க்காரர்கள் மழைக்கோட்டுப் பைகளுக்குள் கைகளைத் திணித்துக்கொண்டு, என் குடை எப்போது மல்லாக்கத் திரும்பும் என்று பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பியது. ஒருவரும் சிரிக்கவில்லை. ஸ்வீடன்காரர்களின் நாகரிகம் அப்படி.

யோத்தா ஆறு கடலில் கலக்கும் இடத்தில் 1621-இல் உண்டான துறைமுக நகரம் இது. டச்சுக்காரர்களை வரவழைத்துக் கால்வாய் வெட்டிக் கட்டினார்கள். ஒரு கால்வாய்க் கரையில் ஸ்வீடிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியின் பழைய மாளிகை நிற்கிறது. இப்போது அது நகர அருங்காட்சியகம். நம் பரங்கிப்பேட்டைக்கும் இந்தக் கம்பெனிக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 1733-இல் இவர்களுடைய கப்பல் ஒன்று அங்கே வந்து பண்டகசாலை போட்டது. எந்நேரமும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்த சென்னைக் கோட்டை ஆங்கிலேயரும் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரரும் இதற்கு மட்டும் கைகோத்துக்கொண்டு அதை அடித்து நொறுக்கினார்கள். இந்தியா வேண்டாம், சீனத் தேயிலையே போதும் என்று கம்பெனி பெரும்பாலும் கான்டன் பக்கம் ஒதுங்கிக்கொண்டது.

அதையெல்லாம் பார்ப்பதற்காக நான் இவ்வளவு தூரம் வரவில்லை. நான் வேலூரில் வளர்ந்தவள். தொட்டால் தெரியாத கைகளைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். தொழுநோயில் நரம்பு செத்துப்போன கைகள். அடுப்பிலிருந்து பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குவார்கள். கொப்புளம் எழும்பின பிறகு கண்ணால் பார்த்துத்தான் சுட்டது தெரியும். கை இருக்கும், தொடுவுணர்ச்சி இருக்காது. கோத்தன்பர்க்கில் இதற்குத் தலைகீழாக, கை போன மனிதர்களுக்குத் தொடுவுணர்ச்சி திரும்பியிருக்கிறது என்று படித்ததிலிருந்து இந்த ஊர் என் மனசில் உட்கார்ந்துகொண்டது.

கதை ஒரு முயலிலிருந்து தொடங்குகிறது. 1952-இல் ஸ்வீடனின் தென்கோடியில், லுண்ட் பல்கலைக்கழகத்தில், பெர் இங்வார் பிரோனமார்க் என்ற மருத்துவர் உயிருள்ள எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஆசைப்பட்டார். டைட்டானியத்தால் ஒரு சிறு பார்வைக்கூடு செய்து முயலின் கால் எலும்பில் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்து கூட்டைக் கழற்றப் போனால் கழலவில்லை. எலும்பு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வளர்ந்திருந்தது. டைட்டானியம் விலையுயர்ந்தது, அடுத்த முயலுக்கு வேண்டும் என்று அவருக்கு எரிச்சல். எரிச்சல் தணிந்த பிறகுதான் இதில் வேறொரு சங்கதி இருப்பது உறைத்தது. உடம்பு அந்நியப் பொருளைத் துரத்தப் பார்க்கும் என்பதுதான் அதுவரை பலரும் நம்பியது. இங்கே எலும்பு உலோகத்தைச் சொந்தம் கொண்டாடுகிறது.

பிரோனமார்க் பிறகு கோத்தன்பர்க்குக்கு வந்தார். 1965-இல் இங்கேதான் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் டைட்டானியத் திருகு வைத்துப் பல் கட்டினார். இன்று நம்மூர்ப் பல் மருத்துவர் ‘இம்ப்ளான்ட்’ என்று சொல்லி நம் பர்ஸைக் காலி செய்வதன் மூலக்கதை இதுதான். அவருடைய மகன் ரிக்கார்ட் பிரோனமார்க் எலும்பு மருத்துவர். பல் நிற்குமானால் கால் நிற்காதா என்று, தொடை எலும்பில் திருகு வைத்துச் செயற்கைக் கால் மாட்டும் வழியை 1990 முதல் வளர்த்தெடுத்தார்கள். அதற்கு அடுத்தது கை.

கையில் ஒரு சிக்கல் உண்டு. காலுக்கு நின்றால் போதும், கைக்குத் தெரியவேண்டும்.

டிராம் ஏறிப் போன குன்றின் மேல் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சால்கிரென்ஸ்கா மருத்துவமனை. மெக்சிகோவிலிருந்து வந்த மாக்ஸ் ஓர்ட்டிஸ் கத்தலான் என்ற பொறியாளர் ரிக்கார்ட் பிரோனமார்க்கோடு சேர்ந்தது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். 2013 ஜனவரியில் ஒரு லாரி ஓட்டுநருக்கு அறுவை செய்தார்கள். முழங்கைக்கு மேலே கை போய்ப் பத்து வருடத்துக்கு மேலானவர். மேற்கை எலும்புக்குள் டைட்டானியத் தண்டு. அதன் முனை தோலைத் துளைத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். செயற்கைக் கை அதில் மாட்டிக்கொள்ளும். தண்டின் உள்வழியே கம்பிகள் போகின்றன. சில கம்பிகள் மிச்சமிருக்கும் தசைகளின் மேல் போய் உட்கார்ந்து, ‘மடக்கு’, ‘நீட்டு’ என்று தசை சொல்வதை வெளியே கொண்டுவருகின்றன. வேறு சில நரம்பைச் சுற்றிப் போட்ட மெல்லிய பட்டைக்குப் போகின்றன. செயற்கைக் கட்டைவிரலில் அழுத்தம் அறியும் உணரிகள் இருக்கும். விரல் எதன்மேலாவது பட்டால் அந்தச் செய்தி தண்டின் வழியே உள்ளே போய் நரம்பைத் தட்டும். 2020-இல் மருத்துவ இதழில் எழுதியபோது இப்படி நான்கு பேர் மூன்று முதல் ஏழு வருடங்களாக இந்தக் கையோடு புழங்கிவந்தார்கள். கூடவே யாரும் போகவில்லை, ஆய்வகத்தில் அடைத்துவைக்கவும் இல்லை. வேலைக்குப் போனார்கள், வண்டி ஓட்டினார்கள். இதில் என்னைக் கவர்ந்தது அந்தச் சாதாரணத்தனம்தான்.

நான் போன ஆய்வகத்தில் நரம்பில் பட்டை போட்ட யாரையும் சந்திக்கவில்லை. அவர்கள் காட்சிப்பொருள் அல்ல என்று ஆய்வு மாணவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இங்கே எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லியே கூப்பிடுகிறார்கள். பேராசிரியருக்கும் விலக்கு இல்லை. ‘சார்’ என்று என் நாக்கு தானாகப் புரண்டபோது அறையில் ஒரு சின்ன அதிர்ச்சி. “உங்களுக்கே காட்டட்டுமா?” என்று கேட்டுவிட்டு, மாணவி என் மணிக்கட்டின் உட்புறத்தில் பசையுள்ள இரண்டு வில்லைகளை ஒட்டினார். அறுவையெல்லாம் இல்லை, தோலுக்கு மேலேயே சிறு மின்துடிப்பு.

முதலில் வில்லைக்கு அடியில் எறும்பு ஊர்ந்தது. அவர் வில்லையைச் சற்று நகர்த்தி, பெட்டியின் குமிழைத் திருகினார். எறும்பு இடம் மாறியது. மணிக்கட்டை விட்டுவிட்டு ஆள்காட்டி விரலின் நுனிக்கும் நடுவிரலுக்கும் போய்விட்டது. அரிசிப் பானைக்குள் கையைவிட்டால் மணிகள் விரல்நுனியில் மோதுமே, அப்படி ஒரு பொடிப்பொடியான தட்டல். விரலைப் பார்த்தேன். மேசை மேல் சும்மா கிடந்தது. அதை எதுவும் தொடவில்லை. தொடவில்லை என்று கண் சொல்கிறது, தொடுகிறது என்று விரல் சாதிக்கிறது. கண்ணை மூடிக்கொண்டேன். விரல்தான் ஜெயித்தது.

“மோதிர விரலைக் கவனியுங்கள்” என்றார். அந்த விரலில் நடுவிரல் பக்கத்துப் பாதிதான் துடித்தது. சுண்டுவிரல் பக்கத்துப் பாதி தூங்கிக்கொண்டிருந்தது. நடுக்கையில் இறங்கும் மீடியன் நரம்புக்கும், சுண்டுவிரல் பக்கமாக வரும் அல்னார் நரம்புக்கும் எல்லைக்கோடு மோதிர விரலின் நட்டநடுவே போகிறதாம். இத்தனை வருடமாக என் கையில் ஓர் எல்லைத் தகராறு நடந்துகொண்டிருக்கிறது, எனக்குத் தெரியாது.

கையில்லாதவருக்கும் நடப்பது இதேதான். விரல் போனாலும் விரலுக்குப் போன நரம்பின் மேல்பாதி கைத்துண்டில் உயிரோடு இருக்கிறது. அது எங்கே தட்டுப்பட்டாலும், ‘விரல்நுனியில் ஏதோ படுகிறது’ என்றுதான் மூளைக்குச் சொல்லும். வேறு பேச்சு அதற்குத் தெரியாது. பத்து வருடம் கழித்துத் தட்டினாலும் அதே பதில். பொறியாளர்கள் தொடுவுணர்ச்சியை உற்பத்தி செய்வதாகப் பத்திரிகைகள் எழுதுகின்றன. எனக்கென்னவோ அவர்கள் கதவைத் தட்டுகிறார்கள், அவ்வளவுதான் என்று படுகிறது. உள்ளே ஆள் இருந்துகொண்டே இருந்திருக்கிறது.

இந்தக் கதவைக் கண்டுபிடித்தவர்களும் ஸ்வீடன்காரர்களே. 1960-களின் நடுவில் உப்சாலா நகரில் கார்ல் எரிக் ஹாக்பார்த், ஓக்கே வால்போ என்ற இருவர், மிக மெல்லிய டங்ஸ்டன் ஊசியை விழித்திருக்கும் மனிதனின் கை நரம்புக்குள் செலுத்தி, ஒற்றை இழை மூளைக்கு அனுப்பும் செய்தியை ஒட்டுக்கேட்டார்கள். இதற்கு எந்த மனிதன் சம்மதிப்பான்? தங்களையே குத்திக்கொண்டார்கள். பின்னால் வால்போவும் ரோலண்ட் யோஹான்சனும் சேர்ந்து, உள்ளங்கையும் விரல்களுமாக ஒரு கைக்குச் சுமார் 17,000 தொடு இழைகள் என்று கணக்குச் சொன்னார்கள். 1980-களில் அதே ஊசி வழியே எதிர்த்திசையில் மின்சாரம் விட்டுப் பார்த்தார்கள். ஓர் இழையைத் தூண்டினால் விரலில் ஒரு புள்ளியில் தட்டுவதுபோல. பக்கத்து இழையைத் தூண்டினால் அதே விரலில் மெல்ல அழுத்துவதுபோல.

நரம்பைச் சுற்றிய பட்டைக்கு அத்தனை நுணுக்கம் கிடையாது. 17,000 இழைகளின் ஊரில் அது நாலைந்து வாசலில் நின்று கைதட்டுகிறது. அதனால்தான் முதலில் பெரும்பாலோருக்கு வருவது வெறும் குறுகுறுப்பு. அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்து டஸ்டின் டைலரின் குழு இதற்கு ஒரு தந்திரம் கண்டது. ஒரே அளவில் துடித்துக்கொண்டிருக்கும் மின்சாரத்தை மெல்ல ஏற்றி இறக்கினார்கள். குறுகுறுப்பு மறைந்து, யாரோ விரலால் அழுத்துவதுபோல ஆகிவிட்டது. ஆலை விபத்தில் வலது கையை இழந்த ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு, செர்ரிப் பழத்தை நசுக்காமல் அதன் காம்பைக் கிள்ளினார். தொடுவுணர்ச்சியை அணைத்துவிட்டால் பழம் கூழாகிவிடும். அவருக்கு இன்னொன்றும் நடந்தது. இல்லாத கை இறுக மூடிய முஷ்டியாக வலித்துக்கொண்டே இருந்ததே, அந்த வலி பெரும்பாலும் விட்டுப்போனது. இந்த முடிவு வெளிவந்த 2014-இலேயே சில்வெஸ்த்ரோ மிச்செராவின் குழு ரோம் நகரில் ஒரு டென்மார்க்காரருக்குச் செய்ததையும் வெளியிட்டது. பட்டாசு விபத்தில் கை போனவர். கண்ணையும் காதையும் மூடிவிட்டு, மரக்கட்டையா பஞ்சா, பாட்டிலா ஆரஞ்சா என்று சரியாகச் சொன்னார். முப்பது நாள் ஆனதும் விதிப்படி அந்த மின்முனைகளை எடுத்துவிட்டார்கள். அந்த முப்பத்தோராம் நாளை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

காதை ஏன் மூடவேண்டும்? இதற்குப் பதில் அன்று ஆய்வகத்துக்கு வந்திருந்த ஒரு பெரியவரிடம் கிடைத்தது. அவருடையது சாதாரண மின்கை. முன்கைத் தசையைச் சுருக்கினால் மூடும், இன்னொரு தசையைச் சுருக்கினால் திறக்கும். காபி இருந்த காகிதக் கோப்பையை எடுத்தார். எடுத்து, குடித்து, வைத்து முடிக்கும்வரை கோப்பையை விட்டு அவர் கண் அகலவில்லை. பேச்சும் நின்றுவிட்டது. “மோட்டார் சத்தத்தைக் கேட்கிறேன்” என்றார் பிறகு. பொருளைப் பிடித்ததும் மோட்டாரின் முனகல் கனக்கும். அதுதான் அவருக்குத் தொடுவுணர்ச்சி. கூட்டத்தில், பாட்டுச் சத்தத்தில் கோப்பை நசுங்கிவிடும். “என் மனைவியின் கையை இந்தக் கையால் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்க்க முடியாது. இரண்டில் ஒன்றுதான்.”

இதைக் கேட்டபின் கட்டைவிரலில் வரும் ஒரு தட்டல் சின்ன விஷயமாகத் தோன்றவில்லை. பட்டு, ஈரம், சூடு எதுவும் அதில் வராது. ஆனால் கண்ணுக்கு விடுதலை வரும். எதிரே இருப்பவரைப் பார்த்துக்கொண்டே காபி குடிக்கலாம்.

பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாத ஒரு முடிவையும் ஓர்ட்டிஸ் கத்தலான் குழு 2020 கடைசியில் வெளியிட்டது. அறிவியல் என்று நான் நம்புவது இதைத்தான். பட்டை நரம்பில் எங்கே போய் உட்காரும் என்பது ஓரளவு அதிர்ஷ்டம். உணரி கட்டைவிரலில் இருக்கும், தட்டலோ நடுவிரலிலோ உள்ளங்கையிலோ தெரியும். பரவாயில்லை, மூளை நெகிழ்வானது, நாளாக ஆகக் கட்டைவிரலுக்கே மாற்றிக்கொள்ளும் என்றுதான் துறையில் பலரும் எதிர்பார்த்தார்கள். மூன்று பேர் மாதக்கணக்காக அன்றாடம் பயன்படுத்தினார்கள். கண் பார்க்கிறது, கட்டைவிரல்தான் படுகிறது. மூளை ஒரு அங்குலம் நகர்ந்துகொடுக்கவில்லை. நடுவிரல் நரம்பு நடுவிரல் என்றே சொன்னது. கையே இல்லாமல் போன பிறகும் கையின் வரைபடம் அப்படியே இருக்கிறது. அப்படியானால் முதலிலேயே சரியான இழையைத் தேடித் தொட வேண்டும். மனசு பழகிக்கொள்ளும் என்று சமாதானம் சொல்ல முடியாது. பொறியாளர்களுக்கு வேலை கூடிவிட்டது. எனக்கு அந்தப் பிடிவாதம் பிடித்திருந்தது.

எங்கள் வேலூரில் பால் பிராண்ட் இதற்கு நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து மோதிப் பார்த்தவர். 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்தார். மடங்கிப்போன தொழுநோய்க் கைகளில் நல்ல தசைநாரை இடம் மாற்றி விரல்களை நிமிர்த்தினார். விரல்கள் சிதைவது நேரடியாக நோயால் அல்ல, வலி தெரியாமல் படும் காயத்தால் என்று நிறுவியவர்களில் அவர் முக்கியமானவர். 1966-இல் அமெரிக்காவுக்குப் போனபின், லூசியானாவில் இருந்த கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் செயற்கை வலி செய்யப் புறப்பட்டார். கையுறையில் உணரிகள். அழுத்தம் மிஞ்சினால் முதலில் காதில் ஒலி. யாரும் சட்டை செய்யவில்லை. பிறகு, உணர்ச்சி மிச்சமிருக்கும் அக்குளில் மின்னதிர்ச்சி. அது வலித்தது. ஆனால் ஆபத்தான வேலை ஒன்றைச் செய்யவேண்டுமானால், நோயாளிகள் சுவிட்சை அணைத்துவிட்டு, அதை முடித்தபின் மறுபடி போட்டுக்கொண்டார்கள். திட்டத்தைக் கைவிட நேர்ந்தது. கையில் படுவதை அக்குளில் சொன்னால் அது தண்டனை. விரலில் படுவதை விரலிலேயே சொன்னால்தான் அது தன் கை. தொழுநோயில் விரலுக்குச் சொல்லும் நரம்பே போய்விடுகிறது. பிராண்டுக்குத் தட்டுவதற்குக் கதவே இல்லை.

இதை மாணவியிடம் சொன்னேன். பிராண்டின் பெயர் அவருக்குப் புதிது. எழுதிக்கொண்டார். “எங்களாலும் தடவிக்கொடுப்பதைக் கொடுக்க முடியவில்லை” என்றார். மெல்லத் தடவினால் மட்டும் பேசும் தனி இழைகள் உண்டு. முடியுள்ள தோலில் இருப்பவை. நொடிக்கு ஒன்று முதல் பத்து சென்டிமீட்டர் வேகத்தில், உடம்புச் சூடுள்ள ஒன்று வருடினால் குதூகலிப்பவை. அவற்றை அதிகம் ஆராய்ந்ததும் இதே கோத்தன்பர்க்தான். நரம்புப் பட்டையின் துடிப்பு அந்த மெல்லிய இழைகளை எட்டுவதில்லை. குழந்தை வருடிக்கொடுப்பதை உணரும் கை இன்னும் தொலைவில் இருக்கிறது.

பெரியவர் கையைக் கழற்றிக்கொண்டிருந்தார். சாக்கெட்டுக்குள் வியர்த்துவிட்டதாம். நீங்கள் அந்த அறுவையைச் செய்துகொள்வீர்களா என்று கேட்டேன்.

“எலும்பில் துளை. தோலில் மூடாத ஒரு வாசல். தினமும் கழுவி, அழற்சி வந்தால் மாத்திரை. முப்பது வயதாக இருந்தால் நாளைக்கே போவேன்” என்றார். “இந்த வயதில் இந்த மின்கையும் என் கொக்கிக்கையும் எனக்குப் போதும். உருளைக்கிழங்கு உரிக்கக் கொக்கியைவிட நல்லது எதுவும் இல்லை.” பிறகு என்னைக் கேட்டார்: “உங்கள் ஊரில் கை இழந்தவர்களிடம் இதையெல்லாம் சொன்னால் என்ன கேட்பார்கள்?”

“முதலில் விலை கேட்பார்கள்” என்றேன்.

அவருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. அவருடைய மின்கையின் விலை அவருக்குத் தெரியாது. அரசு மருத்துவத்தில் கொடுத்தார்கள், வாங்கி மாட்டிக்கொண்டார். மாணவியைப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. மாணவி கைப்பேசியை எடுத்துத் தேடத் தொடங்கினார்.